ராஜேஸ்வரி சாட்டர்ஜி: ஒரு பேராசிரியரும் அவருடைய பாட்டியின் பள்ளியும்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியராயிருந்து 2010-இல் மறைந்த ராஜேஸ்வரி சாட்டர்ஜியை, 'கர்நாடகத்தின் முதல் பெண் பொறியாளர்' என்றே பெரும்பாலும் குறிப்பிடுகின்றனர். தமிழில் 'முதல்' என்பதற்கு வரிசையில் முன்னிற்பது என்பதோடு, தொழிலில் இடும் மூலதனம் என்றும் பொருளுண்டு. ராஜேஸ்வரியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இரண்டாம் பொருளே அதிகம் உதவுகிறது. அந்த முதலை இட்டவர் அவருடைய பாட்டி கமலம்மா தாசப்பா.

மைசூர் சமஸ்தானத்தின் தொடக்ககாலப் பெண் பட்டதாரிகளுள் ஒருவரான கமலம்மா, கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர் ஆகியோரின் கல்விக்காக உழைத்தவர். பெங்களூரில் மகளிர் சேவா சமாஜத்தின்கீழ் இயங்கிய சிறப்பு ஆங்கிலப் பள்ளியில், கீழ்நிலை வகுப்பு முதல் மெட்ரிகுலேசன் வரையிலான பாடங்களைக் குறுகிய காலத்தில் முடிக்கும் விரைவுப் பாடத்திட்டத்தை முன்வைத்தார். இருபது வயதில் எழுத்துக்குத் திரும்பும் ஒரு கைம்பெண்ணால் சிறுமியரோடு அமர்ந்து ஆண்டுக்கொரு வகுப்பாக ஏற இயலாது. அவளுக்கு ஏற்ப மாறவேண்டியது பாடத்திட்டமே என்னும் எண்ணம் அக்காலத்தில் எளிதில் தோன்றியிருக்கக்கூடியதன்று. 1922-இல் பிறந்த ராஜேஸ்வரி தொடக்கக் கல்வி பெற்றது இப்பள்ளியில்தான்.

பள்ளி இறுதியில் வரலாறா, கணிதமும் இயற்பியலுமா என்று தயங்கியவர், பின்னதைத் தேர்ந்து, சென்ட்ரல் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1943-இல் இந்திய அறிவியல் கழகத்தை அடைந்து, சர் சி.வி. இராமனிடம் ஆய்வு செய்ய விரும்பினார். இராமன் இசையவில்லை. பெண் என்பதாலேயே மறுத்தார் என்ற கதை பரவலாக உலவுகிறது; இயற்பியலில் பட்டமில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டுகளில் அன்னா மணி இராமனின் ஆய்வகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். எனினும், 1933-இல் கமலா பாக்வத்தை (பின்னாளில் கமலா சோஹனி) பெண் என்ற காரணத்தால் முதலில் மறுத்தவரும் இதே இராமன்தான். ஆகவே உலவும் கதைக்கு வேர் இல்லாமலில்லை. ராஜேஸ்வரியின் வழக்கில் அதை உறுதியாகச் சொல்லத்தான் சான்று போதாது.

அவர் மின் தகவல் தொடர்புத் துறையில் ஆய்வு மாணவியானார். இடைக்கால அரசின் உதவித்தொகை பெற்று 1947 ஜூலையில், விடுதலைக்குச் சில வாரங்களே இருந்தபோது, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். முதுகலைப் பட்டத்துக்குப்பின் வாஷிங்டனில் எட்டு மாதப் பயிற்சி, மீண்டும் மிச்சிகன், 1953-இல் முனைவர் பட்டம். அதே ஆண்டு பெங்களூரு திரும்பி, தாம் மாணவியாயிருந்த துறையிலேயே ஆசிரியரானார். அங்கே பணியாற்றிய சிசிர் குமார் சாட்டர்ஜியை மணந்தார்.

இருவரும் சேர்ந்து அங்கே நுண்ணலை ஆய்வகம் ஒன்றை நிறுவினர். இரண்டாம் உலகப்போரின் ரேடார் இத்துறையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியிருந்த காலம் அது. இந்தியாவிலோ அதைக் கற்பிக்க ஆளும் குறைவு, அளக்கக் கருவியும் குறைவு. மின்காந்தக் கோட்பாடு, எலக்ட்ரான் குழாய்ச் சுற்றுகள், நுண்ணலைத் தொழில்நுட்பம் எனப் பல பாடங்களை ராஜேஸ்வரி நடத்தினார். விமானங்களிலும் விண்கலங்களிலும் பயன்படும் அலைவாங்கிகள் பற்றிய ஆய்வுக்கு அங்கே அடித்தளம் அமைந்தது. அவர் வழிகாட்டலில் 20 பேர் முனைவர் பட்டம் பெற்றனர். நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளும் ஏழு நூல்களும் வெளிவந்தன. 'முதல் பெண்' என்னும் அடைமொழியைச் சொல்வோர் இந்த இருபது பேரைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. ஒரு துறையை நாட்டில் நிலைபெறச் செய்பவர்கள் அத்தகைய மாணவர்களே. இருபது என்பது சிறிய எண்ணிக்கை அன்று.

1982-இல் பணி ஓய்வு பெற்றபின் சமூகப் பணியில், பெரிதும் இந்தியப் பெண்ணியல் ஆய்வுக் கழகத்தின் வழியாக, ஈடுபட்டார். அறுபது வயதில் புதிதாகப் பிறந்த அக்கறை என்று இதைக் கொள்வதற்கில்லை. சிறுவயதில் வீட்டிலும் பள்ளியிலும் கண்டதன் தொடர்ச்சியே அது. 2008-இல் பெங்களூரிலுள்ள இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ், பெண் அறிவியலாளர் பற்றிய 'லீலாவதியின் மகள்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. அதில் தம் வாழ்வைக் கூறுகையில் ராஜேஸ்வரி, நுண்ணலைகளைப் பற்றி எழுதியதோடு, பாட்டி கமலம்மாவையும் அவருடைய விரைவுப் பாடத்திட்டத்தையும் எழுதிவைத்தார்.