தவம் புரிபவர் யார்?

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் மாமல்லபுரத்தில் செதுக்குவித்த பெரும்பாறைச் சிற்பத்தை மக்கள் நெடுங்காலமாக ‘அருச்சுனன் தபசு’ என்றே வழங்கி வருகின்றனர். உடல் மெலிந்து, ஒற்றைக் காலூன்றி, இரு கரங்களையும் உயர்த்தி நிற்கும் தவசியின் அருகே சிவபெருமான் வரமருளும் கோலத்தில் எழுந்தருளியுள்ளார். பாசுபதம் வேண்டிய பார்த்தனே இத்தவசி என்பது மரபு.

1914இல் விக்டர் கொலுபியூ என்னும் அறிஞர் இதனை மறுத்து, இஃது கங்கையைக் கொணர்ந்த பகீரதன் வரலாறு என்றார். அவர் நோக்கியது தவசியை அன்று. பாறையின் நடுவிலுள்ள பிளவை. அதில் நாகர்கள் நீந்தியெழுகின்றனர். மேலே நீர்த்தொட்டி இருந்தமைக்குத் தடயமும் உண்டு. ஆகவே அப்பிளவில் மெய்யாகவே நீர் வழிந்திருத்தல் கூடும். சிற்பத்தின் பொருளை உரைக்கும் கல்வெட்டு ஏதும் அங்கில்லை.

ஒன்று மெய்யாயின் மற்றொன்று பொய்யாதல் வேண்டுமோ? ஒரே சொற்றொடரில் இருபொருள் அமைக்கும் சிலேடையைப் போற்றியது அக்காலப் புலமையுலகம். சிற்பியும் அவ்வாறே கருதியிருத்தல் கூடும் என்போர் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது.

யானையின் அருகே முன்கால்களைத் தூக்கித் தவசியைப் போலவே நிற்கும் பூனையைக் காண்க. எலிகளை ஏய்த்த அப்பொய்த்தவப் பூனையின் கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருவது. அது தவமிருந்த இடமோ கங்கைக் கரை!