மலையடிவாரமும் மாநில எல்லையும்: திருத்தணிக் குடியிருப்பின் மாற்றங்கள் (1911–1960)

ஆய்வுச் சுருக்கம்

திருத்தணி முருகன் தலமாகவும் வடவெல்லைப் போராட்டக் களமாகவும் அறியப்பட்ட ஊர். முன்னதைச் சமய இலக்கிய ஆய்வுகளும் பின்னதை அரசியல் வரலாறுகளும் தனித்தனியே பேசிவந்துள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே, மலையடிவாரத்தில் வாழ்ந்த மக்களின் குடியிருப்பு எல்லை மாற்றங்களால் எவ்வாறு புதுப்பொருள் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: திருத்தணி, மடம் கிராமம், வடவெல்லை, பட்டாஸ்கர், இருமொழியம்

முன்னுரை

ஒரு குடியிருப்பு இருவகையில் மாறும். மக்கள் வந்தும் போயும் மாறுவது ஒன்று. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்களைச் சூழ்ந்த ஆட்சியும் அலுவல் மொழியும் மாறுவது மற்றொன்று. திருத்தணியில் இவ்விரண்டும் நிகழ்ந்தன. முதலாவது பல நூற்றாண்டுகளாக மெல்ல நடந்தது. இரண்டாவது ஏழாண்டுகளுக்குள் இருமுறை நேர்ந்தது.

வருவோரால் உருவான ஊர்

திருத்தணியின் தொன்மைக்கு நந்தியாற்றங்கரையிலுள்ள வீரட்டானேசுவரர் கோயில் சான்றாகும். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அபராசித பல்லவனின் பதினெட்டாம் ஆட்சியாண்டில், நம்பி அப்பி என்பவர் இதனைக் கற்றளியாக எடுப்பித்தார். அவரைப் போற்றும் தமிழ் வெண்பாவை மன்னனே பாடியதாக அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. அருணகிரிநாதரின் திருப்புகழும் கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணமும் மலைக்கோயிலின் புகழைப் பரப்பின. முத்துசாமி தீட்சிதரின் முதற் கீர்த்தனை இத்தலத்தில் பிறந்தது என்பது இசை மரபு. அது வடமொழியில் அமைந்தது என்பதும், இத்தலத்தின் பண்பாட்டு வெளி ஒருமொழிக்குள் அடங்கியதன்று என்பதும் கருதத்தக்கன.

மலையடிவாரத்துக் குமார தீர்த்தத்தைச் சூழ்ந்த பகுதி மடம் கிராமம் என வழங்குகின்றது. யாத்திரிகர் தங்குவதற்கான மடங்களும் சத்திரங்களும் மிகுந்திருந்தமையால் அப்பெயர் அமைந்தது. உழவையோ வணிகத்தையோ அன்றி, வந்து செல்வோருக்கு இடமளித்தலையே பெயர்க்காரணமாகக் கொண்ட குடியிருப்பு இது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியுடன் வருவோர் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தனர். அவர்களுக்குப் பூவும் தேங்காயும் விற்றவர்க்குத் தமிழும் தெலுங்கும் தொழிற்கருவிகளாக இருந்தன.

இம்மலையின் 365 படிகளில் டிசம்பர் 31ஆம் நாள் இரவு நடைபெறும் திருப்படித் திருவிழா, வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகளால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கப்பட்டதாகக் கூறுவர். ஆங்கிலப் புத்தாண்டன்று அதிகாரிகளைக் கண்டு வணங்குவதற்கு மாற்றாக முருகனை வணங்கச் செய்வதே அதன் நோக்கம் என்பது வழக்கு. குடியேற்ற ஆட்சியின் நாட்காட்டி அடியவர் மரபுக்குள் இவ்வாறு உள்வாங்கப்பட்டது.

மாவட்ட எல்லை மாநில எல்லையானமை

கார்வேட்டிநகர ஜமீன் பகுதியில் அமைந்திருந்த திருத்தணி, முன்னர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. இரு மாவட்டங்களும் சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்தமையால், அன்று இம்மாற்றம் பெரும்பாலும் நிருவாகம் சார்ந்ததாகவே இருந்தது.

மாகாணத்துக்குள் வாழ்வு எவ்வாறு பரந்திருந்தது என்பதற்குச் சர்வபள்ளி இராதாகிருட்டிணனின் கல்விப் பயணம் சான்றாகும். 1888இல் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த அவர், திருத்தணியில் தொடக்கக் கல்வியும், பின்னர்த் திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய ஊர்களில் மேற்கல்வியும் பெற்றார். இன்று இரு மாநிலங்களைத் தொடும் அவ்வழி, அன்று ஒரே ஆட்சிப்பரப்புக்குள் அமைந்த இயல்பான வழியாகும்.

1952 டிசம்பரில் பொட்டி சிறீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைத் தொடர்ந்து ஆந்திர மாநில அமைப்பு அறிவிக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று அது தோன்றியபோது சித்தூர் மாவட்டம் முழுமையும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1911இல் வரையப்பட்ட மாவட்டக் கோடு இவ்வாறு மொழிவழி மாநிலக் கோடாயிற்று. நிருவாக வசதிக்கெனத் தோன்றிய எல்லை, மொழியுரிமையைத் தீர்மானிக்கும் எல்லையாக மாறியதே சிக்கலின் வேர்.

இதனை எதிர்த்து ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் போராடியது. திருத்தணியைச் சார்ந்த வழக்கறிஞர் கே.விநாயகம் அதில் முன்னின்றார். இப்பகுதியில் தமிழ்க் கல்வியைப் பரப்பிய மங்கலங்கிழாரின் பணி போராட்டத்துக்கு முன்பே களம் அமைத்திருந்தது. தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கட எல்லை போராட்டத்தின் இலக்கிய ஆதாரமாயிற்று.

எண்ணிக்கையும் வாழ்வும்

இரு மாநில அரசுகளும் எச்.வி.பட்டாஸ்கரை நடுவராக ஏற்றன. கிராமத்தை அலகாகக் கொள்ளல், பெரும்பான்மை மொழி, நிலத்தொடர்ச்சி ஆகியன அவர் கையாண்ட நெறிகள். 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தன. மாற்றாகச் சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன.

மாவட்டத்தை அலகாகக் கொண்ட 1953இன் முடிவைவிட, கிராமத்தை அலகாகக் கொண்ட 1960இன் முடிவு மக்களின் மொழிநிலைக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவருக்குத் தாய்மொழி ஒன்றே. வீட்டில் தெலுங்கும் கோயில் வீதியில் தமிழும் பேசுபவர், பெரும்பான்மை கணக்கிடப்படும்போது ஒரு பக்கத்தில் மட்டுமே நிற்க முடியும். வந்து செல்வோரால் வாழும் ஊரின் உறவுகளோ அக்கணக்கில் இடம்பெறவே இல்லை. நகரியும் புத்தூரும் கார்வேட்டிநகரமும் ஆந்திரத்தில் நின்றன. திருத்தணியின் அண்டை ஊர்கள் ஒரே நாளில் அயல்மாநில ஊர்களாயின.

இம்மாற்றத்தில் எவரும் வீடு மாறவில்லை. ஆயினும் 1953இல் தமிழ் பேசுவோர் மொழிச் சிறுபான்மையர் ஆயினர். 1960இல் அந்நிலை தெலுங்கு பேசுவோர்க்குக் கைமாறியது. இதன் தொடர்ச்சி இன்றும் பள்ளிகளில் காணப்படுகின்றது. தமிழை முதற்பாடமாகக் கட்டாயமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2015–16இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்க்கு விலக்குக் கோரும் வழக்குகள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. சத்தியவேட்டிலும் நகரியிலும் வாழும் தமிழர் தம் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்விக்காக எழுப்பும் வினாவும் இதுவே.

முடிவுரை

1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதன் பகுதியாயிற்று. சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டிகள் இன்று இவ்வூர்வரை வருகின்றன. ஆட்சியும் போக்குவரத்தும் ஊரைத் தெற்கு நோக்கி ஈர்க்கின்றன. யாத்திரை மட்டும் பழைய இரு திசைகளையும் விடவில்லை. வடவெல்லைப் போராட்டம் தமிழர்க்குத் திருத்தணியை மீட்டுத் தந்தது என்பது வரலாற்று உண்மை. எல்லைக்கோட்டின் இருமருங்கும் வாழும் சிறுபான்மையர்க்கு அக்கோடு வேறு பொருள் தந்தது என்பதும் அதே அளவு உண்மை. வடவெல்லை வரலாறு இதுவரை பெரிதும் தலைவர்களின் வரலாறாகவும் ஆணையங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. பள்ளிப் பதிவேடுகள், நிலப் பத்திரங்கள், மடங்களின் கணக்குகள் ஆகியவற்றைக் கொண்டு அதனைக் குடியிருப்புகளின் வரலாறாகவும் எழுதுதல் வேண்டும். இருமொழியும் அறிந்த ஆய்வாளர்களே அப்பணியை நிறைவாகச் செய்ய இயலும்.