'அந்த நாள்' காட்டும் அச்சம்

தமிழ் மர்மப் படங்களைப் பற்றிப் பேசுவோர் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) படத்தைத் தவறாது குறிப்பிடுவர். ஏ.வி.எம். தயாரித்த அப்படத்தில் பாடல் இல்லை, நடனமும் இல்லை. இப்புதுமையே விதந்து கூறப்படுகிறது. கதை நிகழும் நாள் கவனிக்கப்படுவதில்லை. 1943 ஒக்டோபர் 11 அன்று சென்னையில் யப்பானிய விமானம் குண்டு வீசியது. அப்பின்னணியிலேயே வானொலிப் பொறியியலாளன் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டு வீழ்கிறான். ஐவர்மீது ஐயம் எழுகிறது. ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவன் வெவ்வேறு மனிதன். குரோசவாவின் 'ரஷோமொன்' (1950) தந்த உத்தி இது. ஆயின் அங்கு உண்மை இறுதிவரை பிடிபடுவதில்லை. இங்கோ பிடிபடுகிறது: ராஜன் யப்பானியருக்கு இரகசியம் விற்றவன், அவனைச் சுட்டவள் மனைவி உஷா.

துரோகியைக் கதாநாயகனாக்கியது துணிவு எனின், அவன் துரோகியான காரணத்தைச் செவிமடுத்தது அதனினும் பெருந்துணிவு. தன் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்னும் கசப்பே அவனை விலைபோகச் செய்தது. உஷா அதனை ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை. எனினும் அவன் பேச இடமளிக்கப்படுகிறது. போரால் இடம்பெயர்ந்து மீண்ட பெரியமடு போன்ற மன்னார்க் கிராமத்தவர்க்கு இவ்விடமே படத்தின் உயிர்நிலையாகத் தோன்றும். காரணம் கேளாமலே பலர்மீது சுமத்தப்பட்டு, உயிரையும் பறித்த சொல்லன்றோ 'துரோகி' என்பது!

வெளியான காலத்தில் படம் வசூலில் தோற்றது. பின்னர் வந்த 'அதே கண்கள்' (1967) பாடல்களுடனேயே வந்தது. அதிற் கொலையாளி அகப்பட்டதும் நம் அச்சம் தீர்ந்துவிடுகிறது. உஷா அகப்பட்டபின் அவ்வாறு தீர்வதில்லை.