புதிய ஆலயம்: எப்போது? எதற்காக?



யூபிலி ஆண்டில் ஆலயத்தின் வயதை எண்ணி இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். அதோடு இன்னொரு கேள்வியையும் இவ்வேளையில் கேட்டுக்கொள்வது நல்லது. ஓர் ஊரில் புதிய ஆலயம் எப்போது எழ வேண்டும்? எதற்காக எழ வேண்டும்? மக்கள் பெருகும்போதும், மனஸ்தாபம் முற்றும்போதும் "எங்களுக்குத் தனிக்கோயில் வேண்டும்" என்ற குரல் எந்தப் பங்கிலும் எழக்கூடும். இரண்டும் ஒரே குரல்போல் ஒலித்தாலும் இரண்டின் வேரும் வேறு. நம் பகுதியின் திருச்சபை வரலாறு இதை நமக்குத் தெளிவாகக் கற்பிக்கிறது.

தத்துவ போதகர் எனப் பெயர்பெற்ற இராபர்ட் தெ நோபிலி சுவாமி 1606இல் மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு கோயில் இருந்தது. கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமி, மதுரைக்கு வந்து போகும் பரதவர்களையும் போர்த்துக்கீசியரையும் அதில் கவனித்து வந்தார். ஆனால் மதுரை மக்கள் வேதத்தில் சேரவில்லை. அதைப் பரங்கியர் மார்க்கமென ஒதுக்கினர். நோபிலி சுவாமி காவி உடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, தனியாக வேறு கோயில் அமைத்தார். மூத்த குருவோடு போட்டியிட அவர் அதைச் செய்யவில்லை. பழைய கோயிலின் வாசலை மிதிக்காதவர்களுக்கு வேறு வாசல் திறக்கவே செய்தார்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. ஒரே வேதத்துக்குள் சாதிக்கொரு கோயில் என்ற வழக்கத்துக்கு இம்முறை இடம் கொடுத்தது. ஆகவே நோக்கம் நல்லதென்பது மட்டும் போதாது. பின்விளைவையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

அவருடைய முறையின்மேல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1619இல் கோவாவில் விசாரணை நடந்தது. இறுதியில் 1623 ஜனவரி 31இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அம்முறைக்கு இசைவு தந்தார். அதே ஆண்டில்தான் நோபிலி சுவாமி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தபோது, இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையுடன் வரவேற்றார். பின்னர் சேலத்துக்குப் போனார். அங்கே முதலில் தங்க இடம் கிடைப்பதே அரிதாயிருந்தது, நோயும் வந்தது. பொறுமையோடு காத்திருந்தார். 1625இல் சேலம் நாயக்கரின் தமையனார் திருமங்கள நாயக்கர் மோரமங்கலத்தில் ஞானஸ்நானம் பெற்றார். இன்றைய சேலம், நாமக்கல் சீமையில் வேதம் ஊன்றியது இவ்வாறே.

ஆனால் நாற்று நட்ட மறுநாளே அறுவடைக்கு அரிவாள் எடுக்கிறவர் உண்டோ? 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1776இல் பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள் அப்பொறுப்பை ஏற்றனர். சேலம் தனி மறைமாவட்டமானது 1930 மே மாதத்தில்தான். புதுவை, கும்பகோணம், மைசூர் ஆகிய மறைமாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்து அமைத்தார்கள். பிரூனியே ஆண்டகை முதல் ஆயரானார். மோரமங்கலத்து ஞானஸ்நானத்திற்கும் இதற்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல்! பிறகு 1997இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. இப்பிரிவினைகளால் தாய் மறைமாவட்டம் பகையாகவில்லை. பிள்ளை வளர்ந்தபின் தனிக்குடித்தனம் வைத்ததுபோல் நடந்தன.

வேறுவிதமாக நடந்ததும் உண்டு. போர்த்துக்கல் அரசரின் ஞானாதரவு உரிமைக்கும் உரோமைக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டது. 1838இல் மயிலாப்பூர் உள்ளிட்ட இடங்களில் அவ்வுரிமையைப் பாப்பரசர் நீக்கியபோது பலர் பணியவில்லை. ஒரே ஊரில் இரு கட்சி, இரு கோயில், இரு குரு என்ற நிலை பல இடங்களில் வந்தது. 1886இல் உடன்படிக்கை ஏற்பட்டும் காயம் ஆற நெடுங்காலம் பிடித்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்திலோ ஒரே ஆலயத்துக்குள் சாதியாரைப் பிரிக்கும் சுவர் எழும்பியது. 1910இல் அதை இடிக்க வேண்டியதாயிற்று. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. வீம்பினால் எழுப்பியதை இடிக்க அடுத்த தலைமுறை பாடுபட்டது.

ஆகவேதான் திருச்சபைச் சட்டம் இதில் எச்சரிக்கையாயிருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, ஆயரின் எழுத்து மூலமான இசைவின்றி ஆலயம் கட்டக் கூடாது. ஆயரும் குருக்கள் மன்றத்தையும், பக்கத்து ஆலயங்களின் பொறுப்புக் குருக்களையும் கேட்டறிய வேண்டும். புதிய ஆலயம் ஆன்மாக்களின் நன்மைக்கு உதவும், கட்டவும் வழிபாடு நடத்தவும் வேண்டிய வசதி குறையாது என்று கண்ட பிறகே இசைவு தரலாம். பக்கத்துக் குருவையும் கேட்கச் சொல்வதைக் கவனியுங்கள். புதியது பழையதைப் பட்டினி போட்டு வளரலாகாது என்பதே அதன் கருத்தென நாம் கொள்கிறோம்.

நம் ஊரையே பாருங்கள். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு கோவை மறைமாவட்டம். இக்கரையில் நாம் சேலம் மறைமாவட்டம். காகித ஆலையும் விசைத்தறிகளும் பல ஊர்க் குடும்பங்களை இங்கே அழைத்து வந்தன. பிழைப்புக்கு வந்தவர்கள் தறிச்சத்தத்தின் நடுவே செபிக்க இடம் தேடுவது நியாயமான தேவை. முதியவர் நடந்து வர முடியவில்லை, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் இல்லை, நோயாளிக்கு நன்மை கொண்டுபோக ஆளில்லை என்றால் புதிய ஆலயத்துக்குக் காலம் கனிந்தது எனலாம். திருவிழாவில் யார் தேரைத் தொடுவது, பாடற்குழுவில் யார் முதல் என்ற சண்டையில் தனிக்கோயில் கேட்டால், முதலில் வேண்டியது செங்கல் அல்ல, ஒப்புரவு.

இனி நம்மிடமிருந்து ஒரு கிளை ஆலயம் பிரிய நேர்ந்தால், அதற்கு முதல் காணிக்கை தாய்ப்பங்கிலிருந்தே போகட்டும். அதன் முதல் திருவிழாவுக்கு நாமே திரளாய்ப் போவோம். அவ்வாறு பிரிக்கத் தெரிந்த பங்குதான் உண்மையில் யூபிலி கொண்டாடத் தகுந்த பங்கு. அந்த மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக!