அவரையின் சொகடு

மார்கழி பிறந்ததும் பெங்களூருக்கு வெளியே ஓசூர் சாலையோரம், சந்தாபுரா பக்கம், அவரைக்காய் குவியல் குவியலாக வந்து இறங்கும். விவரம் தெரிந்தவர்கள் காயை மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். தோலில் எண்ணெய்போல் கசிந்து விரலில் ஒட்டும் பிசுக்கு, அதன் வாசனை, இரண்டையும் சேர்த்துக் கன்னடத்தில் ‘சொகடு’ என்பார்கள். பனி விழுந்தால்தான் சொகடு ஏறும்.

பருவம் மாறவே இல்லை. அவரை பூப்பதை முன்பனியின் அடையாளமாக வைத்துப் பாடுகிறது குறுந்தொகையின் 82ஆம் பாடல். பெயர்தான் தமிழ்நாட்டில் இரண்டாகப் பிரிந்தது: தோலோடு நறுக்கினால் அவரை, உரித்துப் பயறாக்கினால் மொச்சை. கன்னடத்தில் இரண்டும் ‘அவரெ’தான்.

பயறை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்தால் அது பிதுக்குப் பருப்பு. கன்னடத்தில் ‘ஹிதுகித பேளெ’. பால் ஹாலு ஆனதுபோல, பள்ளி ஹள்ளி ஆனதுபோல, பிதுக்குவது அங்கே ஹிதுகுவது ஆயிற்று.

பெங்களூரு என்ற பெயரே ‘பெந்த காளு’, அதாவது வெந்த பயறு, என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. வழிதவறிய ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு கிழவி அவித்த பயறு கொடுத்தாளாம். அவன் ஆளத் தொடங்கியதே 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். சந்தாபுராவிலிருந்து நகருக்குப் போகும் வழியில், பேகூர் கோயிலில் இருக்கும் கங்கர் காலக் கல்வெட்டிலோ கி.பி. 890 வாக்கிலேயே ‘பெங்களூரு’ இருக்கிறது. கதை ருசிதான், கணக்கு உதைக்கிறது.

தமிழில் பயறு ஒன்றே, பெயர் இரண்டானது; இத்தாலியில் பெயர் நின்றது, பயறு மாறியது. அங்கே பீன்ஸுக்கு ‘ஃபஜோலி’ என்று பெயர். அதன் லத்தீன் மூலச்சொல் பழங்காலத்தில் குறித்தது காராமணியை. 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பயறு கப்பலேறி வந்ததும் பழைய பெயரைப் புதியது எடுத்துக்கொண்டது. 1580களில் அன்னிபாலே கராச்சி வரைந்த ‘பயறு தின்பவன்’ ஓவியத்தில், குடியானவனின் கிண்ணத்தில் இருப்பது கறுப்புக் கண்ணுள்ள காராமணிதான் என்று சொல்லத் தோன்றும். கன்னடத்திலும் இதே கூத்து நடந்திருக்கிறது: கொள்ளுக்குரிய ‘ஹுருளி’ பீன்ஸுக்குப் போய் ‘ஹுருளிகாயி’ ஆகிவிட்டது.

டஸ்கனியின் ‘ஃபஜோலி ஆல் உச்செல்லெத்தோ’வில் உச்செல்லெத்தோ என்றால் சிறுபறவை. சட்டியில் பறவை ஏதும் கிடையாது. சிறுபறவைக் கறிக்குப் போடும் சேஜ் இலையை இதிலும் போடுவதால் வந்த பெயர் என்பார்கள். சந்தாபுரா அடுக்களையில் இதற்குப் பச்சை அவரைப் பயறு நன்றாகவே பொருந்தும். ஆலிவ் எண்ணெயில் பூண்டும் சேஜும் வாசனை விட்டதும் தக்காளி, பிறகு வெந்த பயறு. சேஜ் கிடைக்காவிட்டால் கற்பூரவல்லி இரண்டு இலை. அதற்கு மேல் போனால் கஷாயமாகிவிடும். பயறை முதலிலேயே வேகவைத்துக்கொள்ள வேண்டும், தக்காளியின் புளிப்பில் தோல் இறுகிவிட்டால் பிறகு வேகாது.