உறைவு நேரமும் உயிர்ப்பிழைப்பும்: தீவிர சிகிச்சையில் ஒரு சோதனை எண் நடந்து வந்த பாதை

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்பது அடிக்கடி அளக்கப்படுகிறது. எண் கூடியிருந்தால் இரத்தக்கசிவுக்கு வாய்ப்பு மிகுதி என்று கொண்டு, கழுத்துச் சிரையில் குழாய் பொருத்தும் முன் பிளாஸ்மா ஏற்றுவது உலகெங்கும் பரவிய வழக்கம். இந்த வழக்கத்தின் வேரைத் தேடிப் போனால், இந்த எண்கள் வேறு கேள்விகளுக்கு விடையாகப் பிறந்தவை என்பது தெரியவரும். நோயாளி பிழைப்பாரா என்பதை அவை ஓரளவு முன்னுணர்த்துகின்றன. இரத்தம் கசியுமா என்பதில் தடுமாறுகின்றன. எண்ணைச் சீராக்கினால் நோயாளி பிழைப்பார் என்ற எதிர்பார்ப்போ பலமுறை பொய்த்திருக்கிறது.

பாஸ்டனில் ரோஜர் லீயும் பால் டட்லி ஒயிட்டும் 1913-இல் வகுத்த முறை எளியது. சிரை இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, உறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 1935-இல் ஆர்மண்ட் குவிக் இன்னொரு வழி கண்டார். உறையாமல் தடுத்து வைத்த பிளாஸ்மாவில் முயல் மூளைச் சாற்றையும் கால்சியத்தையும் சேர்த்தால் சுமார் 12 விநாடியில் உறைவு தோன்றும். மஞ்சள் காமாலை நோயாளிகளிடம் இந்த நேரம் நீண்டது. ஹீமோஃபிலியா உள்ளவர்களிடம் நீளவில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் நார்வேயில் பால் ஓரன் உறைதலுக்குத் தேவையான இன்னொரு புரதமான ஐந்தாம் காரணியைக் கண்டறிந்தபோது, புரோத்ராம்பின் நேரம் என்ற இச்சோதனை புரோத்ராம்பினை மட்டும் அளப்பதில்லை என்பது உறுதியாயிற்று. பின்னர் உறைதலைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் உட்கொள்வோரைக் கண்காணிக்க இது இன்றியமையாததானது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு வேறுபட்டதால், 1983-இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்ற பொது அளவை ஏற்றது. அந்த அளவைத் தரப்படுத்தப் பயன்பட்டது வார்ஃபரின் எடுத்துக்கொள்வோரின் இரத்தமே. கல்லீரல் செயலிழந்தவருக்கும் செப்சிஸ் கண்டவருக்கும் அதே அளவுகோலைப் பொருத்தியது பிற்காலத்தின் வேலை. நம் பிழைகளில் பாதி அங்கே தொடங்குகிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிடைத்த எச்சரிக்கை இதைவிடத் தெளிவானது. ஜான் ஹேக்மன் என்ற ரயில்வே தொழிலாளிக்கு வயிற்றுப்புண் அறுவைக்கு முன் இரத்தத்தைச் சோதித்தார்கள். குழாயில் அது உறைய அசாதாரணமாக நீண்ட நேரம் எடுத்தது. ஆனால் அவருக்கு எப்போதும் மிகையான இரத்தக்கசிவு நேர்ந்ததில்லை. ஆஸ்கர் ராட்னாஃபும் உடன் ஆய்வாளரும் 1955-இல் அவரைப் பற்றி எழுதினார்கள். அவரிடம் இல்லாத புரதத்துக்கு ஹேக்மன் காரணி என்று பெயர் நிலைத்தது. அதுவே பன்னிரண்டாம் காரணி. கண்ணாடியைத் தொட்டதும் உறைதலைத் தொடங்கிவைப்பது அதுதான். உடலில் காயத்தின் கசிவை நிறுத்த அது தேவைப்படுவதில்லை. ஹேக்மன் 1968-இல் இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். சோதனைக் குழாயில் உறைய மறுத்த அவருடைய இரத்தம் உடலுக்குள் உறைந்தது; நுரையீரல் இரத்தக்குழாயை அடைத்த கட்டியால் இறந்தார். இந்த ஒரு மனிதரின் வரலாற்றை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

காரணிகள் ஒன்றையொன்று தூண்டும் அடுக்குமுறை விளக்கத்தை 1964-இல் ஆக்ஸ்ஃபோர்டின் மேக்ஃபார்லேனும், அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் தனித்தனியே வெளியிட்டார்கள். இதே மேக்ஃபார்லேன் 1934-இல், லண்டன் விலங்குக்காட்சிச் சாலையின் பர்ஜஸ் பார்னெட்டுடன் சேர்ந்து, ஹீமோஃபிலியா கசிவை நிறுத்தக் கண்ணாடி விரியன் விஷத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர். அந்த விரியன் தமிழ்நாட்டு, இலங்கை வயல்களில் கடிக்கும்போது கதை தலைகீழாகிறது. விஷம் உறைதலைத் தாறுமாறாகத் தூண்டி ஃபைப்ரினோஜனைத் தீர்த்துவிடுவதால் இரத்தம் உறையாமல் போகிறது. கடிபட்டவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கும் சோதனை, விஷமுறிவு மருந்து தேவையா என்பதைத் தீர்மானிக்க இன்றும் உதவுகிறது. குழாய் அழுக்காக இருந்தாலோ நேரம் பிசகினாலோ தவறான முடிவு வரும் என்பது உண்மை. ஆனாலும் இங்கே கேட்கும் கேள்வியும் சோதனையின் இயல்பும் பொருந்துகின்றன.

கல்லீரல் நோயில் அந்தப் பொருத்தம் இல்லை. உறைய வைக்கும் புரதங்களோடு, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதம் சி போன்றவையும் அதில் குறைகின்றன; புரோத்ராம்பின் நேரம் முதல் குறையை மட்டுமே காண்கிறது. மிலானைச் சேர்ந்த திரிபோதியும் மன்னுச்சியும் 2005-இல், புரதம் சி-யைச் செயல்பட வைக்கும் திராம்போமாடுலின் சேர்த்துச் சோதித்தபோது, சிரோசிஸ் நோயாளிகளின் பிளாஸ்மா ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மா அளவுக்கே திராம்பினை உருவாக்கியது. ஆனால் அதே ஐ.என்.ஆர்., கல்லீரல் நோயின் கடுமையை அளக்கும் மெல்ட் மதிப்பெண்ணில் சேர்ந்து, கல்லீரல் நோயாளியின் மரண வாய்ப்பை நன்றாகவே கணிக்கிறது. அமெரிக்காவில் 2002 முதல் மாற்றுக் கல்லீரல் யாருக்கு முதலில் என்பதை அது தீர்மானிக்க உதவியது.

உறைதல் எண் மரணத்தை முன்னுணர்த்துவதைக் காயமடைந்தோரிடமும் பார்க்கிறோம். லண்டனில் கரீம் ப்ரோஹி குழுவினர் 2003-இல் வெளியிட்ட 1,088 பேரின் ஆய்வில், மருத்துவமனைக்கு வந்து சேரும்போதே 24.4 விழுக்காட்டினருக்கு உறைதல் கெட்டிருந்தது. அவர்களில் 46 விழுக்காட்டினர் இறந்தார்கள், மற்றவர்களில் 10.9. ஆயினும் 2010-இல் 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வில் மரணத்தைக் குறைத்த டிரானெக்சாமிக் அமிலம், எந்த உறைதல் சோதனையின் முடிவுக்கும் காத்திருக்காமல் தரப்பட்டது.

செப்சிஸில் ஏமாற்றம் பெரியது. உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதமான ஆன்டித்ராம்பினை மருந்தாகக் கொடுத்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 38.9 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 38.7 விழுக்காட்டினரும் இறந்தனர். அதே ஆண்டு, தூண்டப்பட்ட புரதம் சி மரணத்தை 30.8-இலிருந்து 24.7 விழுக்காடாகக் குறைத்ததாக அறிவிப்பு வந்தது. பத்தாண்டு கழித்து நடந்த மறு ஆய்வில் அந்தப் பயன் காணவில்லை. 2011-இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். கோவிட் காலத்தில், உறைகட்டி சிதையும்போது தோன்றும் டி-டைமர் இரத்தத்தில் உயர்ந்தவர்கள் அதிகம் இறந்ததை ஊகான் மருத்துவர்கள் 2020 தொடக்கத்திலேயே சொன்னார்கள். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பாரின் கொடுத்துப் பார்த்தபோது, பிழைத்து வீடு திரும்பியவர்கள் 62.7 விழுக்காடு, வழக்கமான தடுப்பு அளவு பெற்றவர்களில் 64.5.

பிளாஸ்மா ஏற்றும் வழக்கத்துக்கு ஆதாரம் இன்னும் மெலிந்தது. ஐ.என்.ஆர். சற்றே உயர்ந்த 121 பேருக்குப் பிளாஸ்மா ஏற்றிய 2006-ஆம் ஆண்டு ஆய்வில், எண் இயல்புக்குத் திரும்பியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே. அதற்கு முந்தைய ஆண்டு சீகலும் டிசிக்கும் செய்த தொகுப்பாய்வு, குழாய் பொருத்துவது போன்ற செயல்முறைகளுக்கு முந்தைய உறைதல் எண் கசிவைக் கணிக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லியிருந்தது.

எல்லா எண்களும் இப்படி என்று தள்ளிவிடவும் கூடாது. நெதர்லாந்தில் நடந்து 2023-இல் வெளியான பேசர் ஆய்வு, இரத்தத் தட்டுகள் மைக்ரோலிட்டருக்கு 10,000 முதல் 50,000 வரை இருந்தவர்களை எடுத்துக்கொண்டது. மையச் சிரைக் குழாய் பொருத்தும் முன் தட்டுகள் ஏற்றியபோது 4.8 விழுக்காட்டில் கவனிக்கத்தக்க கசிவு ஏற்பட்டது, ஏற்றாதபோது 11.9 விழுக்காட்டில். பிளாஸ்மாவை இதே விதமாகச் சோதிக்க அந்நாட்டிலேயே முன்பு தொடங்கிய ஆய்வு, போதிய நோயாளிகள் சேராததால் 81 பேரோடு இடையில் நின்றுபோனது.