இரைப்பைக் கிருமியும் மசக்கையும்

கர்ப்பிணிகளில் சிலருக்கு மசக்கை மூன்று மாதத்தோடு ஓய்வதில்லை. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், எடை குறைந்து, சலைன் ஏற்றும் நிலைக்குப் போகிறார்கள். இந்தக் கடும் வாந்தியை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்கள் பலர் மனக்கோளாறாகவே பார்த்தனர். கருவை மனம் ஏற்கவில்லை என்றார்கள். உறவினரை அண்டவிடாமல் தனியறையில் வைப்பதைச் சிகிச்சை என்றார்கள். வயிற்றுப்புண்ணுக்கும் ஏறக்குறைய அதே கதிதான்: கவலையும் அமிலமும் காரணம், கிருமிக்கு அங்கே இடமில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் ராபின் வாரன் 1979இல் இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். 1981இல் அவரோடு சேர்ந்த பேரி மார்ஷல் அவற்றை வளர்க்கப் பலமுறை முயன்றும் பலிக்கவில்லை. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாளில் கழித்துவிடுவது ஆய்வக வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கவனிப்பாரின்றிக் கூடுதல் நாட்கள் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி முளைத்திருந்தது. மெதுவாக வளரும் உயிரியை அவசரக்காரர்கள் அதுவரை குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். இரைப்பை அழற்சி உறுதியானது. 1989இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் நிலைத்தது. யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு பிழைக்கும் கிருமி அது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

அது வாந்தியும் உண்டாக்கும் என்றால் கர்ப்பிணிகளை ஏன் சோதிக்கக் கூடாது? 1998இல் வியன்னா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கடும் வாந்தி கண்ட 105 பெண்களில் 95 பேரின் ரத்தத்தில் இக்கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 129 கர்ப்பிணிகளில் 60 பேரிடம் மட்டுமே. பெரிய வேறுபாடுதான். ஆனால் எதிர்ப்பொருள் பழைய தொற்றையும் காட்டும். இந்தியா போல் சிறுவயதிலேயே பலருக்குத் தொற்றிவிடும் நாடுகளில், வாந்தி எடுப்பவரையும் எடுக்காதவரையும் இச்சோதனையால் பிரித்தறிவது கடினம். அடுத்து வந்த ஆய்வுகளின் முடிவுகளும் நாட்டுக்கு நாடு மாறின. 2023இல் வெளியான ஆய்வு, நஞ்சுக்கொடியிலிருந்து பெருமளவில் வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனை முதன்மைக் காரணமாகக் காட்டியது. கர்ப்பத்துக்கு முன் அதன் அளவு குறைவாக இருந்த பெண்களையே வாந்தி கூடுதலாக வாட்டுகிறது. கிருமி துணைக் குற்றவாளியாகவே மிஞ்சுகிறது. மனதின் மேல் சுமத்திய பழிக்குத்தான் ஆதாரம் வலுக்கவேயில்லை.

வாந்தியைவிடச் சத்தமில்லாத பாதிப்பு ரத்தசோகை. நாள்பட்ட தொற்றில் அமிலச் சுரப்பு குறைந்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாக உறிஞ்சப்படாது. இரும்புத் தேவை கூடும் கர்ப்பகாலத்தில் இது தாய்க்கும் சேய்க்கும் சேர்ந்த இழப்பு. ரத்த அழுத்தம் எகிறும் பிரிஎக்ளாம்ப்சியாவுக்கும் கிருமியின் சில வகைகளுக்கும் தொடர்பிருப்பதாக இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதினர். கிருமியின் காக்-ஏ புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி செல்களில் ஒட்டுவதை ஆய்வகத்தில் கண்டார்கள். காரணம் இதுதான் என்று நிறுவ அது போதாது.

சிகிச்சையில் வேறொரு வரலாறு குறுக்கிட்டது. 1957 முதல் 1961 வரை மேற்கு ஜெர்மனியில் விற்ற தாலிடோமைடு மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, பல நாடுகளில் கைகால் வளராத குழந்தைகள் பிறக்கக் காரணமானது. அதன்பின் கர்ப்பிணிக்கு மருந்தெழுத மருத்துவர்கள் இருமுறை யோசிக்கிறார்கள். இக்கிருமிக்கான கூட்டு மருந்துகளில் இடம்பெறும் டெட்ராசைக்ளின் சிசுவின் பல், எலும்பைப் பாதிக்கக்கூடியது, பிஸ்மத்தும் தவிர்க்கப்படுகிறது. அதனால் அமிலத்தைக் குறைத்து, இரும்புச்சத்து கொடுத்து, கிருமியை ஒழிக்கும் வேலையைப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைக்கிறார்கள்.